பாட்டக்கெட் ரெட் சாக்ஸ்: அடிக்கடி கேக்குற கேள்விகள் (யாரும் கேக்காம நானே சொல்றது ரெண்டு மூணு சேத்து)

நான் இருக்கிறது மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் ரெண்டும் முட்டிக்கிற இடத்துல. வீட்டுக்கு யார் வந்தாலும் ஷெல்ஃப்ல இருக்கிற ஒரு கிறுக்கின பேஸ்பால் பந்தையும், வெளுத்துப்போன ஒரு பாசாக்ஸ் தொப்பியையும் பாத்துட்டு இது என்னன்னு ஆரம்பிப்பாங்க. ஒரே கதைய எத்தனை தடவைதான் சொல்றது, அதான் மொத்தமா எழுதி வெச்சுட்டேன்.

பாசாக்ஸ்னா யாரு, பாஸ்டன் ரெட் சாக்ஸ் தானே?

இல்ல, ஆனா அவங்க வீட்டுப் புள்ளைதான். பாஸ்டன் ரெட் சாக்ஸ் மேஜர் லீக் பேஸ்பால் டீம், இது அவங்களுக்கு ஆள் தயார் பண்ற மைனர் லீக் டீமா இருந்துச்சு. முழுப்பேரு பாட்டக்கெட் ரெட் சாக்ஸ், சுருக்கமா பாசாக்ஸ். பாட்டக்கெட்ங்கிறது ரோட் ஐலண்ட்ல ஒரு சின்ன மில் ஊரு, பாஸ்டன்ல இருந்து கார்ல ஒரு மணி நேரம். அமெரிக்காவுல தண்ணி சக்தியில பஞ்சு நூத்து ஒழுங்கா ஓடின முதல் மில்லு, 1793ல கட்டின ஸ்லேட்டர் மில், இங்கதான் இருக்கு. மில்லெல்லாம் மூடினதுக்கு அப்புறம் வெளியூர்க்காரங்களுக்கு இந்த ஊர் பேரு தெரிஞ்சதுன்னா அதுக்கு முக்கால்வாசி காரணம் இந்த டீம்தான்.

மைனர் லீக்னா சின்னப் பசங்க ஆடறதா?

பேர கேட்டா சில்க் ஜிப்பா, கழுத்துல செயின் போட்ட மைனர் ஞாபகம் வருதுன்னு என் மாமா சொன்னாரு, அதுவும் இல்ல. இவங்க எல்லாம் சம்பளம் வாங்கி ஆடற ப்ரொஃபஷனல் ஆளுங்க, ஆனா மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ. அந்த ஏணியில மேல் படி டிரிபிள்-ஏ, அதுக்கு கீழ டபுள்-ஏ, இன்னும் கீழ போயிட்டே இருக்கும். பாசாக்ஸ் 1973ல இருந்து டிரிபிள்-ஏ. அதாவது ஒரு ஃபோன் கால் வந்தா அடுத்த நாளே பாஸ்டன் ஃபென்வே பார்க்ல ஆடலாம், வரலைன்னா பத்து வருஷம் இங்கயே பஸ்ல சுத்திட்டு இருக்கலாம்.

அப்ப டீமோட ஓனர் பாஸ்டன் காரங்களா?

இதுதான் நிறைய பேருக்கு குழப்பமா இருக்கும், மீதிக் கதை புரியணும்னா இது புரிஞ்சே ஆகணும். பிளேயர், கோச் எல்லாரும் பாஸ்டன் ஆளுங்க, சம்பளம் குடுக்கிறது அவங்க, யார எப்ப மேல கூப்பிடணும் கீழ அனுப்பணும்ங்கிறதும் அவங்க இஷ்டம். டிக்கெட், பாப்கார்ன், பாத்ரூம் கழுவுறது, மழை வந்தா தார்ப்பாய் போடறது, இதெல்லாம் லோக்கல் ஓனர் வேலை, அவரு தனி ஆளு. ஸ்டேடியம் அரசாங்க சொத்து. ஆக ஆட்டக்காரன் ஒருத்தனுக்கு சொந்தம், டீம் இன்னொருத்தனுக்கு சொந்தம், கட்டடம் மூணாவது ஆளுக்கு சொந்தம். கத்தி கைதட்டி அம்பது வருஷம் டிக்கெட் வாங்கின ஊர்க்காரனுக்கு பேப்பர்ல ஒண்ணுமே கிடையாது.

ஸ்டேடியத்தை குளத்து மேல கட்டினாங்களாமே?

ஆமா, நிஜம்தான். 1930களோட கடைசியில பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம், வேலை குடுக்கணும்னே மத்திய அரசு காசு ஒதுக்கிட்டு இருந்துச்சு, பாட்டக்கெட் மேயர் தாமஸ் மெக்காய் அதைப் பிடிச்சுக்கிட்டு ஹாமண்ட்ஸ் பாண்ட்னு ஒரு சதுப்புக் குளத்துல ஸ்டேடியம் கட்டியே தீருவேன்னு நின்னாரு. கொட்டின மண்ணும் கான்கிரீட்டும் கீழ போயிட்டே இருக்கு, செலவு மேல போயிட்டே இருக்கு, பத்து லட்சம் டாலரை தாண்டிருச்சு. ராத்திரி நிறுத்தின லாரி காலையில சேத்துக்குள்ள காணாமப் போச்சுன்னு இங்க பெருசுங்க இன்னமும் சொல்வாங்க, எவ்வளவு நிஜமோ எவ்வளவு மசாலாவோ. ஊரே மெக்காயோட கிறுக்குத்தனம்னு சிரிச்சுது. 1942ல திறந்தாங்க, 1945ல அவரு போயிட்டாரு, அடுத்த வருஷம் அவர் பேரையே வெச்சாங்க, மெக்காய் ஸ்டேடியம்.

பாசாக்ஸ் அப்பவே வந்துட்டாங்களா?

இல்ல, அதுக்கு முன்னாடி வேற ஆளுங்க குடி இருந்தாங்க. 1946ல இருந்து 49 வரைக்கும் பாட்டக்கெட் ஸ்லேட்டர்ஸ் (மில்லுக்காரர் பேருதான்), 1966, 67ல கிளீவ்லேண்டோட டீம் ஒண்ணு. 1970ல பாஸ்டன் தன்னோட டபுள்-ஏ டீமை இங்க கொண்டு வந்துச்சு, 1973ல லூயிவில்ல இருந்த டிரிபிள்-ஏ டீமை இங்க மாத்துச்சு. வந்த வருஷமே லீக் கப்பை தூக்கினாங்க. ஆனா கப்பு வேற கல்லாப்பெட்டி வேற, கூட்டம் வரல, 1976ல பாட்டக்கெட்ங்கிற பேரையே எடுத்துட்டு ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ்னு மாத்திப் பாத்தாங்க, அதுவும் வேலைக்கு ஆகல, அந்த சீசன் முடிஞ்சதும் திவால்.

அப்ப மாசசூசெட்ஸ் பிசினஸ்மேன் ஒருத்தர் கைக்கு டீம் போயி, மாசசூசெட்ஸ்ல இருக்கிற வுஸ்டர்ங்கிற ஊருக்கு கொண்டு போயிடலாம்னு ஒரு பேச்சு கிளம்புச்சு. அது நடக்கல, லீக்கே அவர்கிட்ட இருந்து டீமை புடுங்கிருச்சு. வுஸ்டர்ங்கிற பேர மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, நாப்பது வருஷம் கழிச்சு திரும்ப வரும்.

பென் மோண்டோர்னு அடிக்கடி சொல்றீங்களே, அவரு பிளேயரா?

துணி மில் முதலாளி. கனடாவுல பொறந்து, சின்ன வயசுல பக்கத்து ஊர் வூன்சாக்கெட்டுக்கு வந்து, நல்லா சம்பாதிச்சு ரிட்டயர் ஆகி நிம்மதியா இருந்த மனுஷன். செட் நிக்கல்ஸ்னு ஒரு முன்னாள் பிட்சர் (பேஸ்பால்ல பந்து போடறவரு), அப்ப பேங்க்ல வேலை பாத்தவரு, இவரப் பிடிச்சு இந்த திவால் டீமை எடுத்துக்கோங்கன்னு தலையில கட்டிட்டாரு. 1977ல எடுத்தாரு. அந்த வருஷம் டீம் லீக்ல முதல் இடம், ஆனா சீசன் முழுக்க வந்த ஜனம் எழுபதாயிரம் சொச்சம் தான். தினம் ஆயிரம் பேரு, அவ்வளவு பெரிய மைதானத்துல காக்கா கத்தறதுதான் கேக்கும்.

அவரு பண்ணது ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. இடத்தை சுத்தம் பண்ணாரு, குடிச்சுட்டு கலாட்டா பண்றவனை வெளிய அனுப்பினாரு, டிக்கெட் விலைய ஏத்தவே மாட்டேன்னு பிடிவாதமா இருந்தாரு, பார்க்கிங்குக்கு காசு வாங்கல. மைக் டம்புரோன்னு ஒரு சின்னப் பையனை ஆஃபீஸைப் பாத்துக்கிற ஜெனரல் மேனேஜர் ஆக்கினாரு, அவரு கடைசி வரைக்கும் கூடவே இருந்தாரு. மெதுவா மெதுவா கூட்டம் ஏறுச்சு. 1999ல ஒண்ணரைக் கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி ஸ்டேடியத்தை பெருசாக்கினப்போ பத்தாயிரம் பேர் உக்காரலாம், 2005 சீசன்ல வந்தவங்க 6 லட்சத்து 88 ஆயிரத்துக்கும் மேல. எழுபதாயிரம் எங்க, இது எங்க. 2010ல அவரு இறந்தாரு.

33 இன்னிங்ஸ் மேட்ச்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க, நிஜமா?

நிஜம். ப்ரொஃபஷனல் பேஸ்பால்லயே நீளமான மேட்ச் இதுதான். கிரிக்கெட் பாத்து வளந்தவங்களுக்கு ஒரு வார்த்தை: இங்க ஒரு இன்னிங்ஸ்னா ரெண்டு டீமும் ஒரு தடவை பேட் பண்ணி டீமுக்கு மூணு அவுட் ஆகறது, சாதாரணமா 9 இன்னிங்ஸ்ல முடிஞ்சிரும். பேஸ்ங்கிற நாலு முனையையும் சுத்தி வந்தா ஒரு ரன். டிராங்கிறது கிடையாது, சமமா இருந்தா ஆடிட்டே இருக்கணும்.

1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் ஈஸ்டர். எதிர் டீம் ராச்செஸ்டர் ரெட் விங்ஸ். ஸ்டேடியம் லைட்டு மக்கர் பண்ணி அரை மணி நேரம் லேட். வந்திருந்தது 1,740 பேர். ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்து முன்னாடி இருந்தாங்க, ஒம்பதாவது இன்னிங்ஸ் கடைசியில பாட்டக்கெட் சமம் பண்ணுச்சு, 1-1. அங்க இருந்து ஆரம்பிச்சது சனி. 21வது இன்னிங்ஸ்ல ராச்செஸ்டர் ஒரு ரன் எடுக்குது, அப்பாடா முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைக்கும்போது பாட்டக்கெட்டோட வேட் பாக்ஸ் ஒரு டபுள் (ஒரே அடியில ரெண்டாவது பேஸ் வரைக்கும் போறது) அடிச்சு 2-2 ஆக்கிட்டாரு. அவரு டீம் ஆளுங்களுக்கே அவரைக் கட்டிப்பிடிக்கிறதா மொத்தறதான்னு தெரியலயாம்.

குளிருன்னா சாதாரணக் குளிர் இல்ல. நியூ இங்கிலாந்துல ஏப்ரல் ராத்திரிங்கிறது வசந்தம்னு காலண்டர்ல மட்டும்தான் போட்டிருக்கும், எலும்புல இறங்கும், அதோட எதிர் காத்து வேற. பிளேயருங்க உடைஞ்ச பேட்டையும் பெஞ்சுக் கட்டையையும் டிரம்ல போட்டு கொளுத்தி கை காய வெச்சுக்கிட்டாங்க. 26வது இன்னிங்ஸ்ல சாம் போவென் அடிச்ச பந்து வேலியைத் தாண்டப் போனது காத்துல திரும்பி உள்ள வந்து விழுந்து கேட்ச் ஆயிருச்சாம். பாட்டக்கெட் மேனேஜர், அதாவது தலைமை கோச், ஜோ மார்கனை (அதே பேர்ல சின்சினாட்டில ஒரு பெரிய பிளேயர் உண்டு, இவரு வேற, பின்னாடி பாஸ்டனுக்கே மேனேஜர் ஆனவரு) 22வது இன்னிங்ஸ்ல அம்பயர் வெளிய அனுப்பிட்டாரு, மனுஷன் வீட்டுக்குப் போகாம தடுப்புக்குப் பின்னாடி ஒரு ஓட்டை வழியா மீதி மேட்சைப் பாத்துட்டு இருந்தாரு.

நடுராத்திரி நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே?

அதான் கூத்து. ராத்திரி 12:50க்கு மேல புது இன்னிங்ஸ் ஆரம்பிக்கக் கூடாதுன்னு லீக்ல ரூல் இருந்துச்சு, ஆனா அந்த வருஷம் அம்பயருங்களுக்கு குடுத்த புத்தகத்துல அந்த வரி விட்டுப்போச்சு. புத்தகத்துல இல்லாத ரூலை நான் எப்படி போடறதுன்னு அம்பயர் கையைக் கட்டிட்டாரு. லீக் தலைவர் ஹரால்ட் கூப்பருக்கு ஃபோன் அடிச்சு அடிச்சு, கடைசியா அவரு எடுத்து, நடக்கிறதைக் கேட்டு ஆடிப்போயி, இந்த இன்னிங்ஸோட நிறுத்துங்கடான்னாரு. 32 இன்னிங்ஸ் முடிஞ்சு நிறுத்தும்போது விடிகாலை 4:07. ஸ்கோர் அதே 2-2. ஸ்டாண்ட்ல மிச்சம் இருந்தது 19 பேர். அந்த 19 பேருக்கும் மோண்டோர் சீசன் பாஸ் குடுத்தாரு.

லூயிஸ் அப்போன்டேன்னு ஒரு பிட்சர், தன் வேலைய முடிச்சுட்டு விடியற நேரத்துல வீட்டுக்குப் போனா பொண்டாட்டி கதவைத் திறக்கல. இவ்வளவு நேரம் எங்க போயிருந்தன்னு கேட்டதுக்கு மேட்ச்ல இருந்தேன்னாரு. யார் நம்புவா? கல்யாணம் ஆன எவனுக்கும் இந்தச் சின்ன விஷயம்தான் அந்த மேட்ச்லயே மனசுல நிக்கும்.

அப்புறம் எப்ப முடிச்சாங்க?

ராச்செஸ்டர் அடுத்து இந்தப் பக்கம் வந்தப்போ, ஜூன் 23. இங்க அதிர்ஷ்டம் பாருங்க, ஜூன் 12ல இருந்து மேஜர் லீக் பிளேயருங்க ஸ்ட்ரைக், நாடு பூரா பேஸ்பால் இல்லாம பத்திரிகைக்காரன் எல்லாம் ஈ ஓட்டிட்டு இருந்தான். அத்தனை பேரும் பாட்டக்கெட்டுக்கு வந்து இறங்கிட்டாங்க, ஜனம் 5,746. எல்லாரும் கேமராவ செட் பண்ணி முடிக்கிறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிருச்சு, 18 நிமிஷம்! 33வது இன்னிங்ஸ்ல மார்ட்டி பேரட் மேல பந்து பட்டு பேஸுக்குப் போனாரு, டேவ் கோசா லெஃப்ட் பக்கம் ஒண்ணு அடிச்சாரு, பேரட் ஓடி வந்தாரு, 3-2. மொத்தம் 8 மணி 25 நிமிஷம். அந்த மேட்ச் சாமான் கொஞ்சம் இப்ப கூப்பர்ஸ்டவுன்ல, பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான மியூசியமான ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்கு.

இந்த ரெக்கார்டை இனிமே யாரும் உடைக்கிறது கஷ்டம்தான், ஏன்னா மைனர் லீக்ல 2018ல இருந்து பத்தாவது இன்னிங்ஸ் ஆரம்பிச்சாலே செகண்ட் பேஸ்ல ஒரு ஆளை சும்மாவே நிறுத்திடறாங்க, சட்டுனு முடிஞ்சிரும். எனக்கு அந்த ரூல் சுத்தமா பிடிக்காது. அஞ்சு நாள் ஆடி டிரா ஆனா கூட வீட்டுக்கு சந்தோஷமா போற கூட்டத்துல வளந்தவன் நான்.

அந்த மேட்ச்ல ஆடினவங்க பெரிய ஆள் ஆனாங்களா?

ரெண்டு டீம் தேர்ட் பேஸ்மேனும் (மூணாவது பேஸ் பக்கம் நிக்கிற ஃபீல்டர்) பின்னாடி ஹால் ஆஃப் ஃபேம்ல இடம் பிடிச்சாங்க. பாட்டக்கெட் பக்கம் பாக்ஸ், ராச்செஸ்டர் பக்கம் கேல் ரிப்கன் ஜூனியர். அந்த மேட்ச்ல பாக்ஸ் 12 தடவை பேட் பண்ணி 4 ஹிட், ரிப்கன் 13க்கு 2. பாட்டக்கெட்ல அன்னைக்கு ஆடின பேரட், பாக்ஸ், ப்ரூஸ் ஹர்ஸ்ட், ரிச் கெட்மன் எல்லாம் 1986 வேர்ல்டு சீரிஸ்ல (மேஜர் லீக் ஃபைனல்) பாஸ்டனுக்கு ஆடினாங்க, 33வது இன்னிங்ஸ்ல பந்து போட்டு ஜெயிச்ச பாப் ஓஹேடா எதிர்ல நியூயார்க் மெட்ஸ்க்கு ஆடிட்டு இருந்தாரு. மேட்சை முடிச்சு வெச்ச கோசா? மேஜர் லீக்ல ஒரே ஒரு மேட்ச் கூட ஆடினது இல்ல. இதை சொல்லும்போது எனக்கு எப்பவும் ஒரு மாதிரியா இருக்கும், ஏன்னா மைனர் லீக்ல முக்கால்வாசிப் பேரு கோசாதான், பாக்ஸ் இல்ல.

வேற யாரெல்லாம் இங்க ஆடியிருக்காங்க?

ஜிம் ரைஸ், ஃப்ரெட் லின், ரோஜர் கிளெமென்ஸ், மோ வான், நோமார் கார்சியாபாரா, ஜான் லெஸ்டர், டஸ்டின் பெட்ரோயா, மூக்கி பெட்ஸ். லிஸ்ட் போயிட்டே இருக்கும், பாஸ்டன்ல ஆடின நிறைய பேரு இந்த வழியா வந்தவங்கதான். ரைஸ் 1974ல பேட்டிங் சராசரி, ஹோம் ரன், அடிச்சு உள்ள கொண்டு வந்த ரன் மூணுலயும் லீக்ல முதல் ஆளா வந்தாரு. 2000ல டோமோ ஓகா, 2003ல ப்ரான்சன் அரோயோ, ரெண்டு பேரும் மெக்காய்ல ஒருத்தனைக்கூட பேஸுக்கு விடாம பெர்ஃபெக்ட் கேம் போட்டிருக்காங்க, ஓகாவுக்கு அதுக்கு 77 பந்துதான் தேவைப்பட்டுச்சு. லீக் கப்பு 1973, 1984, 2012, 2014ல வந்துச்சு.

அந்தப் பந்துல இருக்கிற கையெழுத்து யாரோடது? பால் கேன் கதை என்ன?

பெரும்பாலான ஸ்டேடியத்துல பிளேயர் உக்கார்ற டக்அவுட் கொஞ்சம் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கும், ரசிகன் கிட்டப் போயி எட்டிப் பாக்கலாம். மெக்காய்ல டக்அவுட் ஸ்டாண்டுக்கு நேர் அடியில. நீங்க முதல் வரிசையில உக்காந்தா உங்க காலுக்குக் கீழதான் அவங்க, ஆனா மூஞ்சி தெரியாது. அதனால ஊர்ப் பசங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க: காலி பிளாஸ்டிக் பால் கேனை பக்கவாட்டுல கத்தியால வெட்டி வாய் மாதிரி பண்ணி, உள்ள பந்தும் பேனாவும் போட்டு, கைப்பிடியில கயிறு கட்டி கிணத்துல வாளி விடற மாதிரி கீழ இறக்கறது. மீன் பிடிக்கிறதுன்னே பேரு.

2017ல என் பொண்ணை கூட்டிட்டுப் போனேன், அப்ப அவளுக்கு ஏழு வயசு. நான் விவரமா வீட்ல இருந்தே கேன் வெட்டி எடுத்துட்டுப் போனேன், ஆனா சணல் கயிறுக்கு பதிலா பரிசு பார்சல் கட்டற ரிப்பன் தான் கையில இருந்துச்சு, அது காத்துல முறுக்கிக்கிட்டு கேன் பம்பரம் மாதிரி சுத்துது. பக்கத்துல ஒரு பாட்டிம்மா, எழுபது வயசு இருக்கும், அவங்க கேன்ல கனத்துக்கு ரெண்டு கல்லு போட்டு, கயித்துல முடிச்சு போட்டு எவ்வளவு இறக்கணும்னு அடையாளம் வெச்சிருந்தாங்க. சிரிச்சுட்டு தன்னோட கயித்தை அவுத்துக் குடுத்தாங்க. இறக்கினோம், பத்து நிமிஷம் ஒண்ணும் இல்ல, திடீர்னு கயிறு ரெண்டு தடவை வெடுக் வெடுக்குனு இழுபட்டுச்சு. மேல தூக்கினா பந்துல கையெழுத்து. யாரோடதுன்னு இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல, டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு. பேனாவ மட்டும் அந்த ஆளு திருப்பிக் குடுக்கல.

இவ்வளவு நல்லா போயிட்டு இருந்த டீம் ஏன் ஊரை விட்டுப் போச்சு?

மோண்டோர் போன பிறகு 2015ல குடும்பம் டீமை வித்துருச்சு. வாங்கினது பாஸ்டன் ரெட் சாக்ஸ் தலைவரா இருந்த லாரி லுக்கினோ, ரோட் ஐலண்ட் வக்கீல் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டன் சேர்ந்த ஒரு குரூப்பு. வாங்கின கையோட ரோட் ஐலண்ட் தலைநகர் ப்ராவிடன்ஸ்ல ஆத்தோரமா புது ஸ்டேடியம் வேணும், அதுக்கு ரோட் ஐலண்ட் வருஷம் 40 லட்சம் டாலர் வீதம் 30 வருஷம் குடுக்கணும்னு கேட்டாங்க. ஜனங்க கொந்தளிச்சுட்டாங்க. அதுக்கு ஒரு முன்கதை இருக்கு: 2010ல இந்த மாநிலம் ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு ஏழரைக் கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்னு, 2012ல கம்பெனி படுத்துருச்சு. அந்தக் கம்பெனிய நடத்தினது யாருன்னா கர்ட் ஷில்லிங், முன்னாள் ரெட் சாக்ஸ் பிட்சர்! சூடு பட்ட பூனை, அதுவும் ரெட் சாக்ஸ் அடுப்புலயே சூடு பட்ட பூனை, திரும்ப பால் குடிக்குமா. ஸ்கெஃபிங்டன் 2015 மே மாசமே இறந்துட்டாரு, ப்ராவிடன்ஸ் ப்ளானும் அதோட போச்சு.

அடுத்து பாட்டக்கெட்லயே, ஸ்லேட்டர் மில் பக்கத்துல, 8.3 கோடி டாலருக்கு ஒரு ப்ளான். டீம் 4.5 கோடி, மாநிலம் 2.3 கோடி, ஊரு 1.5 கோடி. இது நியாயமான கணக்குன்னுதான் எனக்குத் தோணுச்சு. ஆனா சட்டசபையில இழுத்து இழுத்து, 2018 ஜூன்ல மாநில ஜாமீனை எடுத்துட்டு வேற மாதிரி ஒண்ணை பாஸ் பண்ணாங்க. அதுக்குள்ள வுஸ்டர்காரங்க கதவைத் திறந்து வெச்சுட்டு நின்னாங்க. ஆகஸ்ட் 17, 2018, போறோம்னு அறிவிச்சுட்டாங்க. வேடிக்கை என்னன்னா வுஸ்டர் ஸ்டேடியத்தோட செலவு கடைசியில பாட்டக்கெட் ப்ளானை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

யார் மேல தப்பு?

ஓனர் பேராசைன்னு பாதி ஊர், அரசியல்வாதி கோழைத்தனம்னு மீதி ஊர். என்னைக் கேட்டா, மேல மூணாவது கேள்விக்கு சொன்ன பதில்லயே இருக்கு. மோண்டோர் மாதிரி ஒருத்தர் இருந்த 33 வருஷம் (ஆமா, அதே நம்பர்) ஊர்க்காரங்க டீம் நம்மளோடதுன்னு மறந்தாப்புல நம்பிட்டாங்க.

கடைசி மேட்ச் எப்படி இருந்துச்சு?

2019 செப்டம்பர் 2. அது கடைசின்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது, இன்னும் ஒரு சீசன் பாக்கி இருந்துச்சு. 2020 முழுக்க பிரியாவிடை விழாவா நடத்தணும்னு இருந்தாங்க, கொரோனா வந்து சீசனே கேன்சல். அந்தக் கோடையில மைதானத்துப் புல்லு மேல டேபிள் போட்டு சாப்பாடு போட்டாங்க, ஜனங்க டிக்கெட் மாதிரி புக் பண்ணி வந்து செகண்ட் பேஸ் பக்கத்துல உக்காந்து சாப்ட்டுட்டு போனாங்க. நம்ம ஊர்ல பதினாறாம் நாள் சாப்பாடு போடுவோமே, எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு.

மெக்காய் ஸ்டேடியம் இப்ப இருக்கா?

இல்ல. சில வருஷம் களை மண்டிக் கிடந்துச்சு, அந்த இடத்துல ஊருக்கு ஒரே பெரிய ஹைஸ்கூலா கட்டறதுக்கு ஜனங்க ஓட்டுப் போட்டாங்க, இடிச்சாச்சு. பாட்டக்கெட்ல இப்ப புது கால்பந்து ஸ்டேடியம் ஒண்ணு ஆத்தோரமா வந்திருக்கு. நான் இன்னும் போகல.

வுஸ்டர்ல போயி பாக்கணும்னா?

டீம் பேரு இப்ப வூசாக்ஸ், இடம் போலார் பார்க், 2021 மே மாசம் திறந்தது. பாஸ்டன் சவுத் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரத்துல வுஸ்டர் யூனியன் ஸ்டேஷன், அங்க இருந்து நடந்தே போயிடலாம், பத்து நிமிஷம். திங்கக்கிழமை மேட்ச் பெரும்பாலும் இருக்காது, செவ்வாய்ல இருந்து ஞாயிறு வரைக்கும் அதே எதிர் டீம்கூட ஆறு மேட்ச். இடம் அழகா இருக்கு, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஏப்ரல்ல போறதா இருந்தா ஸ்வெட்டர் போதாது, ஜாக்கெட்டே எடுத்துக்கோங்க.